அவிழ்த்து அடுக்க வேண்டிய பாதை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் பேருந்து அடிவாரத்தைத் தாண்டியதும் இஞ்சின் சத்தம் மாறும். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். நம்மில் பலருக்கு ஏற்காட்டுப் பயணம் என்றாலே அந்த வளைவுகள்தாம். மோட்டார் வண்டி வருவதற்கு முன்னால் சேர்வராயன் மலையில் ஏறியவர்கள் நடந்தும் குதிரையிலும் டோலியிலும்தான் ஏறினார்கள். சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் 1820களில் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். விளைந்த காப்பி கீழே இறங்க வழி வேண்டியிருந்தது. அவருக்கும் பல தலைமுறைக்கு முன்பே மலையாளிப் பழங்குடி மக்கள் தங்கள் ஊர்களுக்கும் சமவெளிக்கும் இடையே ஏறி இறங்கிய தடங்கள் இருந்தன.

அத்தகைய மலைத்தடங்களில் நடந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். தடம் பெரும்பாலும் வெறும் மண்தான். செங்குத்தாக ஏறும் இடத்திலும் ஓடை குறுக்கிடும் இடத்திலும் மட்டும் கல் பாவியிருக்கும். மலை ஊர்களில் கோயில் முன்னாலும், இரண்டு வீடுகளுக்கு நடுவே சரிந்து இறங்கும் சந்திலும் அப்படித்தான். எங்கே மண் நிற்காதோ அங்கே கல் வைத்தார்கள். சுண்ணாம்பும் இல்லை, சிமெண்டும் இல்லை. கல்லோடு கல், நடுவே மண், அவ்வளவே.

இந்தக் கற்களில் இரண்டு பெயர்ந்தால் இன்று நம்மிடம் தயாராக இருக்கும் மருந்து ஒன்றுதான். மேலே கான்கிரீட்டைக் கொட்டி மட்டப்பலகையால் இழுத்துவிடுவது. திறப்பு விழா அன்று பளிச்சென்று இருக்கும். இரண்டு மூன்று மழைக்காலம் போனதும் அது பாளம் பாளமாக வெடித்து, அடியில் பொந்து விழுந்து கிடப்பதை மலையூர்களில் பார்த்துவருகிறேன். வேலை செய்தவர் கலவையில் சிமெண்டைக் குறைத்துவிட்டார் என்று ஊர் பேசும். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கலவை முழு அளவில் இருந்தாலும் அந்தத் தளம் அங்கே நின்றிருக்காது. காரணம் கல் பாதை நிற்கும் விதத்தில் இருக்கிறது.

ஒரு துணிப்பையில் அரிசியை நிரப்புங்கள். வாயைத் திறந்து வைத்தால் கைபட்ட இடமெல்லாம் அரிசி நகரும், சிந்தும். நன்றாகக் குலுக்கி இறக்கி, வாயை இறுகக் கட்டிப் பாருங்கள். பை கட்டைபோல ஆகிவிடும், மேலே ஏறி நின்றாலும் தாங்கும். அரிசிகளை யாரும் ஒட்டவில்லை. நெருங்கிக் கிடக்கும் மணிகள் ஒன்றையொன்று தாண்டி நகர வேண்டுமென்றால் முதலில் கொஞ்சம் விலகி இடம் விட வேண்டும். பை இறுகியிருப்பதால் விலக இடமில்லை, ஆகவே நகரவும் முடியாது. 1885-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பொறியியல் அறிஞர் மணலை வைத்து விளக்கிய தத்துவம் இது. கல் பாவிய பாதையின் பலம் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. கற்கள் அரிசி என்றால், பாதையின் இருபுறமும் ஆழமாக ஊன்றிய ஓரக்கற்கள்தாம் பை. ஓரக்கல் போனால் பையின் கட்டு அவிழ்ந்தது. நடுவில் குழி விழுந்த பாதையைப் பார்க்கும்போது நான் முதலில் ஓரத்தைத்தான் பார்ப்பேன். பெரும்பாலும் நோய் அங்கேதான் தொடங்கியிருக்கும்.

அடுத்தது, கல்லை வைக்கும் விதம். தட்டையான பக்கம் மேலே தெரிய, நீண்ட பக்கம் மண்ணுக்குள் இறங்க வேண்டும். நம் பல்லும் அப்படித்தான் இருக்கிறது. வெளியே தெரிவது கொஞ்சம், ஈறுக்குள் இருப்பது அதிகம். கல்லைப் படுக்கவைத்தால் குறைந்த கல்லில் நிறைய இடம் மூடலாம் என்று தோன்றும். ஆனால் ஓரத்தில் கால் பட்டதும் அது தராசுத் தட்டு மாதிரி ஆடும். நட்டுவைத்த கல் ஆடாது. மேலிருந்து வரும் பாரத்தைப் பக்கத்துக் கற்களுக்குத் தள்ளிவிடும், அவை அடுத்தவற்றுக்குத் தள்ளும். ஒற்றைக் கல்லில் விழும் குளம்பின் அடி கீழே மண்ணுக்குப் போய்ச் சேரும்போது பரந்து மெலிந்துவிடுகிறது.

கல்லும் சாதாரணக் கல் இல்லை. சேர்வராயன் மலை சார்னோகைட் என்ற பாறையால் ஆனது. நாம் பொதுவாகக் கருங்கல் என்று சொல்லிவிடுவோம். உடைத்த முகத்தில் லேசான நீலம் கலந்து, எண்ணெய் தடவியதுபோல மினுங்கும். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரி செல்சியசைத் தாண்டிய வெப்பத்தில் உருவான பாறை. அதன் பெயருக்குப் பின்னால் ஒரு கல்லறை இருக்கிறது. கல்கத்தா நகரத்தோடு பெயர் சேர்ந்துபோன ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் அதே பாறையை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், கல்கத்தாவில் அந்தக் கல்லறைக் கல்லைப் பார்த்து, பாறைக்கு சார்னாக்கின் பெயரையே வைத்தார். 1900-இல் வெளியான அவரது ஆய்வு இன்றும் இந்தப் பாறையைப் படிப்பவர்களுக்கு அடிப்படை. தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சாத, எளிதில் தேயாத கல். பாதைக்கு இதைவிட நல்ல கல் கேட்க முடியாது.

மலையில் இந்தப் பாறை உருண்டை உருண்டையாகக் கிடப்பதையும் பார்த்திருப்பீர்கள். ஆற்றில் உருளாமலே அவை எப்படி உருண்டையாயின? பாறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக விரிசல்கள் ஓடும். மழைத்தண்ணீர் அவற்றின் வழியே இறங்கிப் பாறையைக் கனசதுரத் துண்டுகளாகப் பிரித்து நிற்கும். துண்டின் நடுமுகத்தைத் தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து அரிக்கிறது. விளிம்பை இரண்டு பக்கத்திலிருந்தும், மூலையை மூன்று பக்கத்திலிருந்தும் அரிக்கிறது. ஆகவே மூலைதான் முதலில் மழுங்கும். வெங்காயச் சருகு மாதிரித் தோல்தோலாக உரிந்து, கடைசியில் செம்மண்ணுக்குள் புதைந்த உருண்டைக் கல் மிஞ்சுகிறது. நிலம் திருத்துகிறவர் கடப்பாரையால் நெம்பி எடுத்து வரப்பில் போடும் கல் அதுதான். பாதைக்கும் சுற்றுச்சுவருக்கும் கல் தேடி யாரும் அலைய வேண்டியிருந்ததில்லை.

இனி தண்ணீர். கல் பாதையைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றினால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். ஏற்காட்டில் ஆண்டுக்குச் சுமார் 1500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவங்களும் இந்த மலைக்கு உண்டு. 2024 நவம்பர் கடைசியில் கரையேறிய ஃபெஞ்சல் புயலின் மழையில் ஏற்காட்டு மலைச்சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை மறந்திருக்க மாட்டோம். சரிவில் ஓடும் தண்ணீரைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. வேகம் இரட்டிப்பானால் அதனால் உருட்ட முடிந்த கல்லின் எடை இரட்டிப்பாவதில்லை, 64 மடங்காகிறது. ஆகவே தண்ணீர் எவ்வளவு வருகிறது என்பதைவிட எவ்வளவு வேகமாக வருகிறது என்பதே முக்கியம். மேடும் பள்ளமுமான கல் தளத்தில் தண்ணீர் ஒவ்வொரு கல்லிலும் மோதி வேகம் இழக்கிறது. ஒரு பகுதி இடுக்குகளில் இறங்கி மண்ணுக்குள் போகிறது. வழவழப்பான கான்கிரீட்டில் இறங்கவும் இடமில்லை, மோதவும் எதுவுமில்லை. சேர்த்த வேகத்தையெல்லாம் தளம் முடியும் இடத்தில் இறக்குகிறது. தளத்தின் கீழ்முனையில் ஆளுயரப் பள்ளம் விழுவது இதனால்தான்.

மேலே ஓடுவதைவிட அடியில் சேரும் தண்ணீர் மோசமானது. மலைச்சரிவில் மண்ணுக்குள்ளும் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். கல் பாதையில் அது இடுக்கு வழியாக வெளியே கசிந்துவிடும். கான்கிரீட் மூடிவிட்டால் போக வழி இல்லை. 10 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 240 கிலோ எடை. 24 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தமும் சதுர மீட்டருக்கு அதே 240 கிலோதான். நாலு மீட்டர் போனால் ஒரு மீட்டர் இறங்கும் சரிவில், தளத்தின் அடியில் இரண்டு மீட்டர் நீளத்துக்குத் தண்ணீர் தேங்கி அடைபட்டால், கீழ்முனையில் அரை மீட்டர் உயரத்துக்கான அழுத்தம் சேர்ந்துவிடுகிறது. தளத்தின் எடையைப்போல இரண்டு மடங்கு. தூக்கிவிடாமல் என்ன செய்யும்? விரிசல் விட்டதும் தண்ணீர் அதன் வழியே சீறி, அடிமண்ணையும் அள்ளிக்கொண்டு போகிறது. மேலே தளம் பார்க்க நன்றாகவே இருக்கும், அடியில் வெற்றிடம்.

வெயிலும் தன் பங்கைச் செய்கிறது. இரவுக்கும் நண்பகலுக்கும் தளத்தின் வெப்பம் 30 டிகிரி மாறினால், 10 மீட்டர் நீளக் கான்கிரீட் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். அந்த 3 மில்லிமீட்டருக்கு இடம் விடாவிட்டால் அதுவே வெடித்து இடம் எடுத்துக்கொள்ளும். 20 சென்டிமீட்டர் கல் அதே வெப்பத்தில் நீள்வது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. பக்கத்து இடுக்கில் இருக்கும் மண் அதைத் தெரியாமலே விழுங்கிவிடுகிறது. கல் பாதையில் ஆயிரம் விரிசல்கள் முன்கூட்டியே இருக்கின்றன. அதனால்தான் புதிய விரிசல் விழுவதில்லை.

சரி, பெயர்ந்த பாதையை எப்படிச் சீர்செய்வது? நான் சொல்லும் முறை மெதுவானது. முதலில் புகைப்படம். பிறகு சுண்ணாம்புக்கட்டியால் பெரிய கற்களுக்கும் ஓரக்கற்களுக்கும் எண் போட்டு, கடப்பாரையால் நெம்பி எடுத்து, எடுத்த வரிசையிலேயே ஓரமாக அடுக்க வேண்டும். பெயர்ந்த இடத்தை மட்டும் எடுத்தால் போதாது. அதைச் சுற்றி ஆடாத கல் வரும்வரை எடுக்க வேண்டும். எடுத்தபின் அடியைப் பாருங்கள். பாதை ஏன் கெட்டது என்பதற்கான பதில் அங்கேதான் எழுதியிருக்கும். மண் சேறாக இருந்தால் மேலிருந்து எங்கோ தண்ணீர் வருகிறது. வேர் தூக்கியிருந்தால் மரத்தை விட்டு விலகிப் பாதையைக் கொஞ்சம் வளைக்க வேண்டும், வேரை வெட்டக் கூடாது. அந்த வேர்தான் சரிவைப் பிடித்திருக்கிறது. காரணத்தைத் தீர்க்காமல் கல்லைத் திரும்ப வைப்பது அடுத்த மழைக்குப் பலகாரம் வைப்பதுதான்.

அடித்தளத்துக்கு மண்ணைவிடச் சரளை நல்லது. ஒரு சாண் கனத்துக்குப் போட்டு திம்மிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். முதலில் ஓரக்கல், அதிலும் கீழ்ப்பக்கத்து ஓரக்கல். பிறகு பாவுவது எப்போதும் கீழிருந்து மேலே. ஒவ்வொரு கல்லும் தனக்குக் கீழுள்ள கல்லின் மேல் சாய்ந்து நிற்க வேண்டும் என்பதால் இந்த வரிசையை மாற்றவே கூடாது. இணைப்புகள் ஒரே கோட்டில் ஏறிப் போகக் கூடாது. போனால் தண்ணீருக்கு அது வாய்க்கால் வெட்டிக் கொடுத்தது மாதிரி. பெரிய இடுக்குகளில் கல் சில்லுகளை ஆப்பு மாதிரி அடித்து இறக்கி, மேலே மணலும் சரளைத்தூளும் தூவிப் பெருக்கி விட வேண்டும். வேலை அன்று முடிந்துவிடாது. ஒரு நல்ல மழை பெய்து மணல் உள்ளே இறங்கியபின் இன்னொரு முறை தூவ வேண்டும். இந்தக் கடைசி வேலைக்குத்தான் யாரும் திரும்பி வருவதில்லை. பாதி வேலைகள் கெடுவது இங்கேதான்.

சரிவில் பத்துப் பதினைந்தடிக்கு ஒருமுறை, பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கல்வரிசையைச் சற்றுத் தூக்கி நட வேண்டும். ஓடிவரும் தண்ணீரை அது பாதையிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிவிடும். ஜப்பானில் ஹகோனே மலையைக் கடக்கும் பழைய டோகைடோ பாதையில் இப்படிச் சாய்வான வடிகால்கள் உண்டு. அந்தப் பாதையில் சேற்றுக்காக ஆண்டுதோறும் மூங்கிலைப் பரப்பி, அந்தச் செலவு கட்டுப்படியாகாமல் 1680-இல் கல் பாவினார்கள். அதன் சில பகுதிகளில் இன்றும் மக்கள் நடக்கிறார்கள்.

பராமரிப்பு என்று வந்தால் பாசியைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். நிழலும் ஈரமும் உள்ள மலையில் பாசி வரத்தான் செய்யும், வழுக்கத்தான் செய்யும். பிளீச்சிங் பவுடரும் ஆசிடும் வேண்டாம். அவை ஓடிப்போய்ச் சேர்வது கீழே இருக்கும் ஓடையில். உயர் அழுத்தக் குழாயால் பீய்ச்சினால் பாசியோடு இடுக்கு மணலும் போய்விடும். கெட்டித் துடைப்பமும் மணலும் போதும். நடந்து நடந்து கண்ணாடியாகிப்போன கல்லுக்கு இன்னொரு வழி இருக்கிறது. அம்மி தேய்ந்தால் என்ன செய்வோம்? உளியால் கொத்திக் கொடுப்பார்கள். அதே கைதான் இங்கேயும் வேண்டும். அம்மி கொத்துகிற ஒருவர் ஒரு நாளில் பல கற்களுக்குப் பிடிமானம் கொடுத்துவிடுவார்.

பாசி வராமலிருக்க நிழலைக் குறைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு மதுரையைக் காட்டுவேன். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் கல் பதித்தார்கள். தெருவுக்கு அழகுதான். ஆனால் வெறுங்காலோடு நடக்கும் பக்தருக்கு வெயிலில் கல் சுடும். மண்ணும் சூடாகத்தான் செய்கிறது, ஆனால் தன் சூட்டை மெதுவாகக் கொடுக்கும். கல் தொட்டவுடன் மொத்தமாகக் கொடுத்துவிடும். நிழல் இல்லாத கல் தளம் பாதி முடிந்த வேலைதான். மலைப்பாதையில் மரம் முன்பே இருக்கிறது, அதை வெட்டாமல் இருந்தாலே போதும்.

நான் கான்கிரீட்டுக்கே எதிரி இல்லை. மலையூருக்கு ஆம்புலன்ஸ் வர வேண்டும், அதற்குச் சாலை வேண்டும். அந்தச் சாலையைப் பழைய கல்லின் தலைமேல் போடாதீர்கள் என்பதே என் வாதம். மூடும்போது மட்டமும் உயர்கிறது, தெருவோடு ஓட வேண்டிய மழைத்தண்ணீர் வீட்டுக்குள் ஏறுகிறது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டது இந்தத் தொல்லைக்காகத்தான். முதியவர்களுக்கும் சக்கர நாற்காலிக்கும் கல் தளம் சிரமம் என்பதும் உண்மை. நடுவில் இரண்டடி அகலத்துக்குத் தட்டையாகக் கொத்திய பலகைக்கல் பதித்தால் அந்தச் சிரமம் பெருமளவு தீரும். குழாய் பதிக்கத் தோண்டும்போதுதான் பெரிய இழப்பு நேர்கிறது. தோண்டியவர் கல்லை எங்கோ வீசிவிட்டுக் குழியைக் கலவையால் அடைத்துவிட்டுப் போவார். எடுத்த கல்லை எடுத்த இடத்தில் வைக்காமல் பில் கிடையாது என்று ஊராட்சி ஒரு வரி எழுதிக்கொண்டால் போதும்.

வடக்கு பிரான்சில் பாரிஸ்–ரூபே என்று ஒரு சைக்கிள் பந்தயம் நடக்கிறது. வயல்களுக்கு நடுவே போகும் பழைய கல் பாதைகளில் ஓடுவதுதான் அதன் பெருமை. அந்தப் பாதைகள் தாரில் மறைந்துகொண்டிருந்தபோது, பந்தயத்தின் நண்பர்கள் என்ற தன்னார்வக் குழு அவற்றைத் தூக்கிப்பிடித்தது. குழிவிழுந்த இடங்களைக் கைவேலையாகப் பாவுகிறார்கள், தோட்டக்கலைப் பள்ளி மாணவர்களும் வந்து சேர்கிறார்கள். ஆரென்பெர்க் காட்டு வழியே போகும் 2.3 கிலோமீட்டர் துண்டில் கல்லிடுக்குப் புல்லை மேய 2024-இல் ஆடுகளை விட்டார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சேர்வராயன் மலைதான் நினைவுக்கு வந்தது. மலையூர்களில் ஆட்டுக்கா பஞ்சம்?

ஆளுக்கும் பஞ்சமில்லை. கல் பாவும் வேலையில் பொருள் செலவு மிகக் குறைவு, கல் அங்கேயே கிடக்கிறது. செலவெல்லாம் கூலி. 2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் கூலிக்கு 60, பொருளுக்கு 40 என்று கணக்கு வைத்தது. அந்தக் கணக்குக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் வேலை வேறு அதிகமில்லை. சிமெண்ட் மூட்டைக்குப் போகும் பணம் ஊர்க்காரர் கைக்குப் போகும், உளி பிடிக்கத் தெரிந்தவரிடமிருந்து இளைஞர் நாலு பேர் வேலை கற்றுக்கொள்வார்கள். காரையில்லாமல் கல் அடுக்கும் கலையை 2018-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது. பட்டியலில் இருப்பவை குரோஷியா, சைப்ரஸ், பிரான்ஸ், கிரீஸ் முதலான ஐரோப்பிய நாடுகள். அதே வேலையை அறிந்த கைகள் நம் மலைகளிலும் இன்னும் இருக்கின்றன, ஆனால் வயதாகிக்கொண்டிருக்கின்றன.

ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். உங்கள் ஊர்க் கல் பாதையின் ஓர வாய்க்காலில் அடைத்திருக்கும் சருகை அள்ளிப் போடுங்கள். பெயர்ந்து வேலியோரம் கிடக்கும் கற்களை எண்ணி, ஓர் இடத்தில் குவித்து வையுங்கள். யாராவது லாரியில் ஏற்ற வந்தால் தடுத்து நிறுத்துங்கள். அந்தக் கற்கள் இருந்தால் பாதையை எப்போது வேண்டுமானாலும் திரும்ப அடுக்கிவிடலாம்.